அடுக்குச் செம்பருத்தியில் மாவுப்பூச்சியா?

பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடி பூக்க, குளிர்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிர் வேண்டும். சென்னையில் அதற்கு வழியில்லை. அதே மாதிரி இதழ் அடர்ந்த சிவப்புப் பூ வேண்டுமென்றால் அடுக்குச் செம்பருத்தி வையுங்கள், மொட்டை மாடித் தொட்டியிலேயே அழகாக வரும்.

தொல்லை கொடுப்பது மாவுப்பூச்சிதான். கொழுந்து சுருண்டு, மொட்டுக் காம்பில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகத் தெரியும். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், பூச்சியைப் பரப்புவதில் அதற்கும் பங்கு உண்டு. சுருண்ட நுனியைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள், தொட்டியிலேயே போடாதீர்கள். அப்புறம் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். மே மாத வெயிலில் மண் காய்ந்தால் மொட்டு உதிரும், காலை மாலை தண்ணீர் விடுங்கள்.