ஸ்பெக்ட்ரம் கீபோர்டு செத்துவிட்டதா?

1982-ல் பிரிட்டனில் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியில் சில கீகள் மொத்தமாக வேலை செய்யவில்லையா? ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மெம்பிரேன்தான் (கீ அழுத்துவதை உணரும் மெல்லிய தாள்) காய்ந்து விரிசல் விட்டிருக்கும், பெரும்பாலும் சர்க்யூட் போர்டில் செருகும் வால் போன்ற நீட்டுப் பகுதியில். புது மெம்பிரேன் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது.

அடியிலுள்ள 5 ஸ்குரூக்களைக் கழற்றியதும் மூடியை வெடுக்கென்று தூக்காதீர்கள். இரண்டு வால்களும் உள்ளே செருகியிருக்கும். அந்த வால்களை நேராக மேல்நோக்கி இழுங்கள். உண்மையான தொல்லை, மெம்பிரேனை எடுக்கக் கழற்ற வேண்டிய, கீபோர்டின் மேலே உள்ள உலோகத் தகடுதான். பசையில் ஒட்டியிருக்கும், நெம்பினால் வளைந்துவிடும், அப்புறம் சரியாக நிமிராது. ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பிரியுங்கள். பொறுமை இல்லாத நாளில் தொடவே வேண்டாம். தகட்டைத் திரும்ப ஒட்டும் முன்பே 40 கீகளையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.