எருமைத் தயிரில் பல்கேரியத் தரத்தோர்

குவைத்தில், சால்மியாவில் ஆறு வருஷம் நான் வேலை செய்தது ஒரு பல்கேரியக் குடும்பத்தில். அரபு நாட்டில் அவர்களும் என்னைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். வெள்ளிக்கிழமை லீவுக்கு ஏழெட்டுப் பல்கேரியக் குடும்பங்கள் அந்த வீட்டில் கூடும். 45 பாகை வெயிலில் அவர்கள் கேட்பது சூப்! அடுப்பில் வைக்காத, ஐஸ் போலக் குளிர்ந்த சூப். பெயர் தரத்தோர். எனக்கு முதல் நாள் ‘தராதோர்’ என்றுதான் காதில் விழுந்தது. ஆனால் தந்தார்கள், இரண்டு கோப்பை குடித்தேன்.

இப்போது மாங்குளத்தில் சித்திரை வெயிலுக்கு நானே செய்கிறேன்.

தயிர்தான் முக்கியம். குவைத் கடைத் தயிரைக் குறை சொல்லாமல் அந்த வீட்டு ஐயா ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. தயிரை உறைய வைக்கும் கிருமி ஒன்றை 1905இல் கண்டுபிடித்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரியர். அதற்கு அந்த நாட்டின் பெயர்தான். அந்தப் பெருமை ஐயாவுக்கு. எங்கள் முட்டித் தயிரைக் கண்டிருந்தால் வாயடைத்திருப்பார். அரைக் கிலோ எருமைத் தயிரைக் கட்டியில்லாமல் அடித்து, ஒன்றரைக் கோப்பை குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். புளித்த தயிர் வேண்டாம்.

கெக்கரிக்காய் இரண்டு. அங்கே ‘கியார்’ என்று விரல் நீளத்தில், தோலோடு போடலாம். நம்முடையதைத் தோல் சீவி, விதை வழித்து, பொடியாக வெட்டவேண்டும். கைப்பு இருக்கிறதா என்று ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். மூன்று பல்லு உள்ளியை உப்போடு இடியுங்கள். அவர்கள் போடுவது அக்ரூட். நான் வறுத்துத் தோல் போக்கிய கச்சானை ஒன்றிரண்டாக இடித்துப் போடுகிறேன். சதகுப்பை இலை கட்டாயம். மருந்துக்கடை விதையைத் தூவினேன், முளைத்தது. கடைசியில் சூரியகாந்தி எண்ணெய் ஒரு கரண்டி. தேங்காயெண்ணெய் குளிரில் கட்டிபடும்.

உப்பில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். “காணுமா மடம்?” என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவ தலையை இருபக்கமும் ஆட்டினா. காணாதாக்கும் என்று இன்னும் ஒரு கரண்டி கொட்டினேன். பல்கேரியர் ‘ஓம்’ என்பதற்குத்தான் அப்படி ஆட்டுவார்களாம்!

சரி, ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாணோடு குடியுங்கள். சோற்றில் ஊற்றுவது முறையில்லை. என் மருமகன் ஊற்றித்தான் சாப்பிடுகிறார்.