மெலியும்போது தசையையும் சேர்த்து இழக்க வைக்கும் தவறுகள்

போன கிழமை ஜிம்மில் ஒரு தம்பி பெஞ்ச் கம்பியில் பக்கத்துக்கு ஐந்து கிலோ மட்டும் போட்டு முப்பது தடவை தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்கு முன் அதே பெஞ்சில் 80 கிலோ தள்ளியவன். என்ன நடந்தது என்று கேட்டேன். "இப்ப டயட் அண்ணா. பாரத்தைக் குறைச்சு நிறையத் தடவை செய்தாத்தான் கொழுப்புக் கரையும்" என்றான். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லித் திரிந்தேன்.

கொத்தையும் ரோல்ஸையும் குறைக்கச் சொல்லி நான் எழுதத் தேவையில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பாரத்தைக் குறைப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். கொழுப்பைக் கரைப்பது நாம் சாப்பாட்டைக் குறைப்பதுதான். டயட் காலத்தில் பாரம் தூக்குவதன் வேலை வேறு: இருக்கும் தசையைக் காப்பது. சாப்பாடு குறைந்ததும் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். தசையை வைத்திருக்கவும் அதற்குச் செலவு உண்டு. கனமான பாரம் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தசை தேவை என்று வைத்துக்கொள்ளும். வராவிட்டால் கொழுப்போடு சேர்த்து அதையும் கரைக்கும்.

குறைந்த பாரத்தை இனி ஒரு தடவைகூட முடியாது என்ற நிலை வரை தூக்கினால் அதுவும் தசைக்கு வேலைதான். ஆனால் அரை வயிற்றோடு அந்த எல்லை வரை போகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. இருபதோ முப்பதோ எண்ணிவிட்டுக் கம்பியை வைத்துவிடுகிறார்கள்.

அக்காவின் கலியாணத்துக்காக நான் ஆறு கிழமையில் ஒன்பது கிலோ இறக்கினேன். பாரத்தைப் பாதியாக்கினேன், ஒரு நேரச் சோற்றை முழுதாக விட்டேன். தராசில் நிறை இறங்க இறங்கச் சந்தோஷம். கலியாணத்தன்று புதுச் சேட்டு தோளில் தொங்கியது, வயிற்றில் மட்டும் இறுக்கம் அப்படியே இருந்தது. கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட் 110 கிலோவிலிருந்து 80க்கு வந்திருந்தது. பழைய பாரத்துக்குத் திரும்ப அடுத்த சித்திரை வந்துவிட்டது.

டயட்டில் களைப்பு வரும், சரி. அப்போது செட்டை, அதாவது இடையில் ஓய்வெடுத்துச் செய்யும் சுற்றுகளை, குறையுங்கள். ஐந்து செட் செய்த இடத்தில் மூன்று போதும். கம்பியில் இருக்கும் பாரத்தைத் தொடாதீர்கள். ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து எல்லாப் பயிற்சியிலும் பாரம் விழுந்தால், சாப்பாட்டை அளவுக்கு மீறி வெட்டிவிட்டீர்கள். கொஞ்சம் கூட்டுங்கள்.

அவசரம்

கிழமைக்கு உடல் நிறையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை இறங்கினால் போதும். 80 கிலோ ஆளுக்கு அது 400 முதல் 800 கிராம். 2011இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், பாரம் தூக்கிக்கொண்டே கிழமைக்கு 0.7 சதவீதம் இறக்கிய விளையாட்டு வீரர்களுக்குத் தசை கூடவே செய்தது. 1.4 சதவீதம் இறக்கியவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை.

முதல் கிழமையில் இரண்டு கிலோ இறங்கினால் துள்ளாதீர்கள். தசையில் சேமித்திருக்கும் மாச்சத்தும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும்தான் பெரும்பாலும் போயிருக்கும்.

புரதம்

உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.6 முதல் 2.2 கிராம். 75 கிலோ என்றால் 120 கிராமாவது வேண்டும். திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்குக் குறை சொல்ல முடியாது. 100 கிராம் சூரை மீனில் ஏறத்தாழ 24 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். கஷ்டம் வெள்ளிக்கிழமைகளில்தான். நம் வீட்டுச் சைவச் சாப்பாடு இடியப்பமும் சொதியுமாக முடிந்துவிடும். அன்றைக்குச் சோயா மீற், அவித்த கடலை, சட்டித் தயிர் என்று முதல் நாளே யோசித்து வையுங்கள்.

நித்திரை

ஐந்தரை மணித்தியாலம் படுத்தால் இறங்கும் நிறையில் தசையின் பங்கு கூடும். எட்டு மணித்தியாலம் படுங்கள்.

கடற்கரை ஓட்டம்

ஓடுங்கள். ஸ்குவாட் நாளன்று காலையில் டச்சு விரிகுடா மணலில் மட்டும் வேண்டாம்; பின்னேரம் கம்பிக்குக் கீழே கால் நிற்காது.