"எங்க நாய் யாரையும் கடிக்காது" என்ற நம்பிக்கையும் மற்ற தவறுகளும்

நாய் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டால் வளர்ப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான்: "இதுவரைக்கும் இது யாரையும் கடிச்சதே இல்லைங்க." பொய்யாக இருக்காது. ஆனால் சட்டத்தில் அது கைகொடுக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடுவதுதான் பெரிய தவறு.

நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே உருவான பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நாயின் மூர்க்க குணம் வளர்ப்பவருக்கு முன்பே தெரியுமா என்று பார்த்தார்கள். இப்போது பல இடங்களில் அந்தக் கதை செல்லாது. கலிபோர்னியா சிவில் சட்டத்தின் 3342-ஆம் பிரிவில், பொது இடத்தில் நாய் கடித்தால் அதன் பழைய நடத்தையைக் கேட்பதே இல்லை, உரிமையாளர்தான் பொறுப்பு. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 833-ஆம் பிரிவும் செல்லப்பிராணி வளர்ப்பவரை ஏறக்குறைய அப்படித்தான் பிடிக்கிறது. இந்தியாவில் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு கவனக்குறைவைப் பார்க்கிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நஷ்டஈடு தனிக் கணக்கு.

கவனக்குறைவு என்றால் பெரிதாக ஏதோ செய்திருக்க வேண்டியதில்லை. சரியாக விழாத கேட் கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டைக் கொஞ்சம் தூக்கி அழுத்தினால்தான் பூட்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; புதிதாக வந்தவருக்குத் தெரியாது. ஒரு நாள் கேட் திறந்து கிடக்கிறது, நாய் தெருவுக்கு வந்துவிடுகிறது. கொக்கி பழுது என்று தெரிந்தும் விட்டுவைத்ததுதான் வழக்கில் பெரிதாகப் பேசப்படும். 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையும் முழுக் கவசம் ஆகாது. படிக்கவே தெரியாத குழந்தைக்கு அது என்ன எச்சரிக்கை? ஆபத்து உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று எதிர்த்தரப்பு அதையே சாட்சியாகக் காட்டவும் கூடும்.

அடுத்தது, "குழந்தைதான் வாலை இழுத்தது." பெரியவர் சீண்டினார் என்றால் அந்த வாதம் ஓரளவு எடுபடலாம். நான்கு வயதுக் குழந்தையிடம் பெரியவரின் நிதானத்தை நீதிமன்றங்கள் பொதுவாக எதிர்பார்ப்பதில்லை. கடிக்கவே இல்லை, தாவித் தள்ளிவிட்டது, அவ்வளவுதானே என்றும் தப்பிக்க முடியாது. விழுந்து கை முறிந்தாலும் காயம் காயம்தான்.

சம்பவத்துக்குப் பிறகு பயத்தில் நாயைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. இது எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு. ரேபிஸ் சந்தேகத்தில் நாயை 10 நாள் கண்காணிப்பது சிகிச்சைக்கு உதவும் தகவல். அதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடவும் கூடாது: காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாயின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம் சமரசம். பெற்றோர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். உரிமை குழந்தையுடையது. இங்கிலாந்தில் குழந்தையின் சார்பில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும், இல்லையென்றால் செல்லாது. வழக்குப் போடும் 3 ஆண்டுக் கெடுவும் அங்கே 18 வயதில்தான் ஓடத் தொடங்கும். முகத்தில் விழுந்த தழும்புக்கு வளர்ந்த பிறகு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அந்தச் செலவை நீங்கள் வாங்கி வைத்த தாளில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.