சிங்கப்பூர் கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைத்தால்

வேலை பெர்மிட்டை (வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) ரத்து செய்துவிட்டு, "நீ ஊருக்குப் போ, அடுத்த மாசம் பேங்க்ல போட்டுவிடுறோம்" என்று கம்பெனி சொன்னால் நம்பி விமானம் ஏறாதீர்கள். ஊரிலிருந்து காசைக் கேட்டு வாங்குவது மிகவும் கடினம். புகாரைச் சிங்கப்பூரில் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

கம்பெனி உங்களை வேலையிலிருந்து நீக்கினால் கடைசி நாளிலேயே சம்பளம் தர வேண்டும். முடியாத பட்சத்தில் 3 வேலை நாட்களுக்குள். முறையாக நோட்டீஸ் கொடுத்து நீங்கள் விலகினால் கடைசி நாளில். நோட்டீஸ் இல்லாமல் நின்றுவிட்டால் 7 நாட்களுக்குள் தர வேண்டும். ஆனால் அப்போது நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை உண்டு. கோபத்தில் சைட்டை விட்டு வெளியேறிக் காசை இழப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, வர வேண்டிய தொகையை நீங்களே கணக்கிடுங்கள். மாத பேசிக் (அடிப்படை) சம்பளத்தை 12ஆல் பெருக்கி 2,288ஆல் (52 வாரம், வாரம் 44 மணி) வகுத்தால் ஒரு மணிநேரக் கூலி வரும். ஓடிக்கு (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) அதில் ஒன்றரை மடங்கு. பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் மணிக்கு சுமார் 4.20, ஓடிக்கு 6.29. மாதம் 60 மணிநேரம் ஓடி பார்த்தவருக்கு அதுமட்டுமே சுமார் 377 வெள்ளி. முதலாளி கேட்டு ஓய்வுநாளில் முழுநாள் வேலை செய்திருந்தால் இரண்டு நாள் கூலி. எடுக்காத வருடாந்திர விடுப்புக்கான காசையும் சேருங்கள். லெவி (வெளிநாட்டு ஊழியருக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் தீர்வை), ஊர் திரும்பும் டிக்கெட் இரண்டும் கம்பெனியின் செலவு. அவற்றை உங்கள் சம்பளத்தில் பிடித்திருந்தால் அந்தத் தொகையும் கணக்கில் வர வேண்டும்.

ஆதாரங்களில் முதலிடம் ஐபிஏ கடிதத்துக்கு (பெர்மிட்டுக்கு மனிதவள அமைச்சு தரும் முன் ஒப்புதல் கடிதம்). அதில் எழுதியுள்ள பேசிக்கை உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. அதோடு பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், டைம் கார்டு, வேலை நேரம் பற்றிச் சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். போன் கம்பெனியுடையது என்றால் திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள். டைம் கார்டு இல்லாதவர் தினமும் வந்த நேரம், போன நேரம், சைட் பெயர் ஆகியவற்றை நோட்டில் எழுதி வந்திருந்தால் அதுவும் உதவும்.

"எல்லாச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளிலோ வெற்று வவுச்சரிலோ கையெழுத்துப் போடவே கூடாது. பின்னால் வழக்கைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்தத் தாள்தான்.

புகாரைச் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாக, சம்பளத் தகராறுகளில் சமரசம் செய்யும் டாடெம் (TADM) அமைப்பில் பதிவு செய்யலாம். வேலை விட்ட நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையம் உதவும். பெர்மிட் ரத்தானபின் தங்க ஸ்பெஷல் பாஸ் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) தேவை என்பதால் அதைப் பற்றி மனிதவள அமைச்சிடம் உடனே கேளுங்கள். கம்பெனி ஆட்கள் வலுக்கட்டாயமாகச் சாங்கி விமான நிலையத்துக்கு அழைத்துப் போனால், குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்குச் சம்பள பாக்கி இருக்கிறது" என்று அங்கேயே சொல்லுங்கள்.

டாடெமில் முதலில் சமரசப் பேச்சு நடக்கும். மொத்தத்தில் பாதியைத் தருகிறேன் என்பார் முதலாளி. உங்கள் கணக்குத் தாள் கையில் இருந்தால்தான் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரியும். ஒப்பந்தம் ஏற்பட்டால் 4 வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் அதைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தால்தான் காசு வராதபோது நீதிமன்ற ஆணைபோல் அமலாக்க முடியும். சமரசம் முறிந்தால் பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து 4 வாரத்துக்குள் ஈசிடி (ECT) எனப்படும் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் மனு போடுங்கள். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை.