ஏஆர்என் புதுப்பித்தல்: முதலில் சான்றிதழின் தேதியைப் பாருங்கள்

மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்களுக்கு ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தரும் ஏஆர்என் எனும் பதிவு எண்ணை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போன முறை கோட்டை விட்டேன். இந்த முறை சிக்கலின்றி முடிந்தது. முதன்முறையாகப் புதுப்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ஏஆர்என் அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, என்ஐஎஸ்எம் எனும் பயிற்சி நிறுவனம் விநியோகஸ்தர்களுக்கு நடத்தும் 5-ஏ தேர்வின் சான்றிதழை எடுங்கள். அது காலாவதியாகியிருந்தால் ஏஆர்என்னைப் புதுப்பிக்க முடியாது.

படி 2: சான்றிதழை நீட்டிக்க வழிகள் இரண்டு. தேர்வை மீண்டும் எழுதலாம். அல்லது சிபிஇ எனும் தொடர்கல்வி வகுப்புக்குப் போகலாம். நான் தவறியது இங்கேதான். காப்பீட்டு பிரீமியத்துக்கு இருப்பதுபோல் இதற்கும் சில நாள் அவகாசம் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். கிடையாது. சான்றிதழ் முடிவதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் வகுப்பை முடித்தாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் தேர்வுதான்: கட்டணம் 1,500 ரூபாய், 2 மணி நேரம், 100 கேள்விகள், தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். தேர்வு கடினமில்லை. ஆனால் ஏஆர்என் காலாவதியாகிக் கிடந்த நாட்களில் கமிஷன் நின்றுபோனது, அதுதான் வலித்தது.

ஆகவே வகுப்பையே பரிந்துரைக்கிறேன். ஐந்தாறு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். புதிய சான்றிதழின் மூன்று ஆண்டுகள் பழைய சான்றிதழ் முடியும் நாளிலிருந்துதான் தொடங்கும் என்பதால், முந்திக்கொள்வதில் நஷ்டம் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி மாற்றிய விதிகளையும் அங்கே கேட்டுத் தெளியலாம்.

படி 3: ஆம்ஃபி இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துங்கள். தனிநபருக்குப் புதுப்பித்தல் 1,500 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,770. புதிதாகப் பதிவு செய்வோருக்கு 3,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஃபண்டுகளின் பதிவாளர் நிறுவனமான கேம்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போவதைவிட இணையவழி எனக்குப் பிடிக்கிறது. ரசீது மின்னஞ்சலிலேயே பத்திரமாக இருக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவருக்கு ஒரே சிக்கல் வந்திருக்கிறது. பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக இருக்கிறது, சான்றிதழிலோ முன்னெழுத்து மட்டும். நம் ஊரில் பலருக்கும் இப்படித்தான். கட்டணம் செலுத்துவதற்கு முன்பே என்ஐஎஸ்எம் கணக்கில் பெயரை பானில் உள்ளபடி திருத்தக் கேளுங்கள். உங்களிடம் ஊழியர்கள் இருந்தால் அவர்களின் ஈயூஐஎன் எனும் ஊழியர் அடையாள எண்களையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டும். அவரவர் சான்றிதழ் முடியும் நாளை இன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.