ஒயின் நிபுணராக விரும்பும் சேலத்து இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கேட்டரிங், ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கும் மாணவர்களில் சிலர், தொலைக்காட்சியில் ஒயினை விளக்கியும் பத்திரிகைகளில் பானங்களைப் பற்றி எழுதியும் வாழும் நிபுணர்களைப் பார்த்து, தாங்களும் அந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். மதுவைப் பற்றிய பேச்சு எழுந்தாலே முகம் சுளிக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த ஆசையை வெளியில் சொல்லவே துணிவு வேண்டும். அந்தத் துணிவு வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறையில், தொடக்கத்திலேயே பலரும் செய்துவிடும் தவறுகளை இங்கே விளக்குகிறேன்.

முதல் தவறு, கேமராவிலிருந்து தொடங்குவது. கைப்பேசியும் ஒரு விளக்கும் இருந்தால் இன்று யாரும் காணொளி வெளியிடலாம் என்பதால், கற்பதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இத்துறையில் உலகம் அறிந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான்சிஸ் ராபின்சனின் வாழ்க்கை எந்த வரிசையில் அமைந்தது என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் தத்துவமும் படித்த அவர், 1975 டிசம்பரில் ஒயின் வணிகர்களுக்கான ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார். சேனல் 4 தொலைக்காட்சியில் அவருடைய ஒயின் நிகழ்ச்சி வந்தது 1983இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்ததெல்லாம் வணிகர்களைச் சந்திப்பதும், சுவைப்பதும், குறிப்பெடுப்பதும், எழுதுவதும்தான். அடுத்த ஆண்டே, 1984இல், ஒயின் துறையின் மிக உயர்ந்த தகுதிகளில் ஒன்றான 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' தேர்வில் வென்றார். ஒயின் வணிகத்தைச் சாராத ஒருவர் அதில் தேறியது அதுவே முதல் முறை. திரைக்கு வந்த பிறகும் அவர் மாணவராகவே இருந்தார் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிபிசியில் புகழ்பெற்ற ஆஸ் கிளார்க் முன்னாளில் நடிகராகவும் பாடகராகவும் இருந்தவர் என்பதால், பேச்சுத் திறனே அவரை உயர்த்தியது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்திலேயே அவர் பல்கலைக்கழகத்தின் ஒயின் சுவைப்பு அணியில் இருந்தவர்.

இரண்டாவது தவறு, நாக்கும் மூக்கும் பிறவியிலேயே அமைவது என்று நம்பி, பயிற்சியைத் தள்ளிப்போடுவது. மாஸ்டர் ஆஃப் ஒயின் தேர்வின் செய்முறைப் பகுதியில், பெயர் மறைக்கப்பட்ட 12 ஒயின்கள் வீதம் மூன்று தாள்களில் மொத்தம் 36 ஒயின்கள் வைக்கப்படும். எந்தத் திராட்சை, எந்த நாடு, எப்படித் தயாரிக்கப்பட்டது, தரம் என்ன என்பதையெல்லாம் கோப்பையில் உள்ளதை மட்டுமே சான்றாகக் காட்டி எழுத வேண்டும். 2016இல் இந்தியாவின் முதல் மாஸ்டர் ஆஃப் ஒயின் ஆன சோனல் ஹாலண்ட் இந்த வழியைக் கடந்தே வந்தார். லண்டனில் 1969இல் தொடங்கப்பட்ட, ஒயின், மதுபானக் கல்வி அளிக்கும் டபிள்யூ.எஸ்.இ.டி. (Wine & Spirit Education Trust) நிறுவனம் நான்கு நிலைகளில் பாடம் நடத்துகிறது. தொடங்குகிறவருக்கு அதன் முதல் இரண்டு நிலைகளே போதுமானவை.

ஆனால் மூக்கைப் பழக்குவதற்கு அந்த வகுப்பில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாம்பழப் பருவத்தில் சேலத்துக் கடைவீதியில் மல்கோவா, இமாம் பசந்த், பெங்களூரா ஆகிய மூன்றையும் வாங்கி வந்து, தோல் சீவித் துண்டுகளாக நறுக்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்து பாருங்கள். மல்கோவாவின் கனமான இனிப்பு மணத்தையும் பெங்களூராவின் மெல்லிய புளிப்பையும் தடுமாறாமல் பிரித்துச் சொல்லவும், அதைப் படிப்பவருக்குப் புரியும் ஒரே வாக்கியத்தில் எழுதவும் உங்களால் முடிந்தால், தேர்வறையில் செய்ய வேண்டிய வேலையின் பாதியைப் பழகிவிட்டீர்கள் என்று பொருள்.

இதோடு சேர்ந்தே வருகிறது இரவல் வருணனை என்னும் தவறு. ஐரோப்பிய எழுத்தாளர்கள் கேபர்னே சாவின்யோன் என்ற திராட்சை வகையில் செய்த சிவப்பு ஒயினில் பிளாக்கரன்ட் பழத்தின் மணம் இருப்பதாக எழுதுவார்கள். அது அவர்கள் சிறுவயதிலிருந்து தின்று வளர்ந்த பழம். அதை ஐஸ்கிரீமில் மட்டுமே கண்ட ஒருவர் அதே வருணனையை எடுத்தெழுதும்போது, அவருக்கும் தெரியாத ஒன்றைப் படிப்பவருக்கும் தெரியாத ஒன்றால் விளக்குகிறார். துவர்ப்பைச் சொல்ல நமக்கு நாவற்பழம் இருக்கிறது, வாழைப்பூ இருக்கிறது. மணத்தைச் சொல்லப் பன்னீர் ரோஜாவும் கொடுக்காப்புளியும் ஏற்காட்டு ஆரஞ்சின் தோலும் இருக்கின்றன. உண்மையில் உணர்ந்ததை எழுதுங்கள். அது தேர்வாளருக்கும் ஏற்புடையதே, தமிழ் வாசகருக்கும் ஏற்புடையதே.

சுவைப்பதையும் குடிப்பதையும் ஒன்றாகக் கருதுவது உடலைக் கெடுக்கும் தவறு. தொழில்முறையில் சுவைப்பவர்கள் ஒயினை வாயில் சுழற்றிவிட்டு உமிழ்ந்துவிடுவார்கள். அதற்கென மேசையில் தனிப் பாத்திரம் இருக்கும். உமிழக் கூச்சப்படுகிறவரால் ஐந்தாறு கோப்பைகளுக்கு மேல் தெளிவாகக் குறிப்பெழுத முடியாது. தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும், அதற்குக் கீழ்ப்பட்ட மாணவர்கள் அதுவரை பாடநூலோடும் மணப்பயிற்சியோடும் நிற்க வேண்டும் என்பதையும் நான் எப்போதும் வலியுறுத்துவேன். சிறு விஷயம்போலத் தோன்றினாலும் இன்னொன்று: சுவைக்கும் நாளில் தலையில் மல்லிகைப்பூ, உடலில் ஜவ்வாது அல்லது சென்ட், வாயில் வெற்றிலை பாக்கு ஆகியவற்றோடு அந்த அறைக்குள் போகக் கூடாது. உங்கள் மூக்கு மட்டுமின்றி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கும் அதனால் மங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனக்குறையாக இருப்பது, நம் மாணவர்கள் பிரான்சின் வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்டுச் சேர்வராயன் மலையை ஏறெடுத்தும் பாராமல் இருப்பது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைப் பயிரிடச் செய்த நாளிலிருந்து, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகப் பானம் விளையும் மலை இது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர, அந்த நிழலில் அரபிகா வகைக் காப்பிச் செடிகள் நிற்கும் தோட்டங்களில், மண்ணும் உயரமும் நிழலும் பதப்படுத்தும் முறையும் ஒரு பானத்தின் சுவையை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கண்ணால் காணலாம். பழத்தோலை நீக்கி, தொட்டியில் புளிக்கவைத்து, கழுவி உலர்த்திய கொட்டை தெளிவான புளிப்போடு இருக்கும். பழத்தோடு களத்தில் காயவைத்தது கனமாகவும் பழவாசனையோடும் இருக்கும். நொதித்தல் அளவு மீறினால் காடி நாற்றம் வந்துவிடும். நொதித்தலை இவ்வளவு அருகில் நின்று கற்றவருக்கு ஒயின் பாடத்தின் மிகக் கடினமான பகுதி எளிதாகிவிடும்.

காப்பியைச் சுவைக்கும் முறையும் ஒயினுக்கு இணையான ஒழுங்கு உடையது. 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் என்ற அளவில், கரகரப்பாக அரைத்த தூளைக் கோப்பையில் இட்டு முதலில் வறண்ட மணத்தை முகர வேண்டும். பிறகு ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீரை ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து, மேலே கட்டிய தூள் அடுக்கைக் கரண்டியால் விலக்கும்போது எழும் மணத்தைக் குனிந்து முகர வேண்டும். சூடு தணிந்த பின் கரண்டியிலிருந்து சத்தமாக உறிஞ்சினால்தான் திரவம் நாக்கு முழுவதும் பரவி, மணம் மூக்கின் பின்புறத்தை எட்டும். அதே கோப்பையை ஆற ஆற மீண்டும் சுவைத்தால், சூட்டில் மறைந்திருந்த குறைகளும் இனிப்பும் ஒவ்வொன்றாக வெளிப்படும். காப்பி வாரியம் பெங்களூரில் காப்பித் தர மேலாண்மையில் முதுநிலைப் பட்டயப் படிப்பையே நடத்துகிறது. வயது வரம்போ குடும்பத்தாரின் மனவருத்தமோ இல்லாத இந்த வழியில் தொடங்கிப் பானங்களின் எழுத்தாளராக வளர்வது, நம் ஊர்ப் பெண்களுக்கு மிகவும் உகந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

நுகர்வோருக்குப் பயன்படும் செய்தியை விட்டுவிட்டு அலங்காரமாக எழுதுவதும் தவறே. சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டின் எந்த இடத்தில் அந்த விகிதத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பத்தி, மணத்தைப் பற்றிய நாலு பத்திகளைவிட வாசகருக்கு உதவும்.

கடைசியாகப் பணம். கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994 மது விளம்பரத்தைத் தடைசெய்கின்றன. அப்படியிருக்க, ஒரு நிறுவனத்தின் புட்டியைக் கையில் ஏந்திப் புகழ்வது நிபுணத்துவம் என்ற பெயரில் விளம்பரமாகிவிடும், சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். இலவசமாக வந்த புட்டியோ, தோட்ட உரிமையாளர் ஏற்றுக்கொண்ட பயணச் செலவோ எதுவானாலும் கட்டுரையிலேயே தெரிவித்துவிடுங்கள். குறை கண்டால் அதையும் எழுதுங்கள். எழுத்தின் வருமானம் மட்டும் வீட்டு வாடகைக்குப் போதாது என்பதால், ஹோட்டல் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது, கல்லூரியில் பாடம் எடுப்பது, சுவைப்பு வகுப்புகள் நடத்துவது போன்ற வேலைகளையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பயிற்சி அளிக்கும் ஹோட்டலின் பானப் பட்டியலைப் பற்றி எழுதக் கூடாது. எழுதியே ஆக வேண்டிய நிலை வந்தால், அங்கிருந்து ஊதியம் பெறுவதை முதல் பத்தியிலேயே குறிப்பிட வேண்டும்.